அலெக் கின்னஸுக்கு ஸ்டார் வார்ஸ் பிடிக்காதாமே?

நீங்கள் கேட்டிருப்பது இது: "ஸ்டார் வார்ஸில் ஓபி-வானாக வந்த பெரியவர் அந்தப் படத்தையே வெறுத்தார், பணத்துக்காக மட்டும்தான் நடித்தார் என்கிறார்களே, உண்மையா? அவர் அவ்வளவு பெரிய நடிகர் என்றால் வேறு எந்தப் படத்திலும் அவர் முகம் எனக்கு ஏன் ஞாபகம் வரவில்லை?" முதல் பாதிக்குச் சுருக்கமான பதில் உண்டு: பாதி உண்மை, பாதி ஊதிப் பெரிதாக்கியது. ஆனால் உங்களைக் குடைவது இரண்டாவது பாதிதான் என்று தோன்றுகிறது. முகம் ஞாபகம் வராத ஒருவர் எப்படிப் பெரிய நடிகராக முடியும்? அதற்குப் பதில் தெரிந்தால் முதல் கேள்விக்கான பதில் தானாகவே வந்துவிடும். அதனால் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாடகத்தில் நடித்தும் நடிப்பு சொல்லிக்கொடுத்தும் இருபத்து மூன்று வருடமாகக் காலம் தள்ளுகிறேன். அலெக் கின்னஸை மேடையில் பார்க்கும் கொடுப்பினை எனக்கு இருந்ததில்லை. அதனால் அவருடைய மேடை நடிப்பைப் பற்றி நான் சொல்வதெல்லாம் பார்த்தவர்கள் எழுதி வைத்ததை நம்பித்தான். படங்கள் அப்படியல்ல, நிறுத்தி நிறுத்தி, வகுப்பில் போட்டுக் காட்டி, பல தடவை பார்த்தவை. இன்னொரு எச்சரிக்கை: அவரைப் பற்றிச் சுற்றிவரும் கதைகளில் பெரும்பகுதி அவரே சொன்னவை. அவர் அருமையான கதைசொல்லி. நல்ல கதைசொல்லி சொல்வதை ரசிக்கலாம், அப்படியே சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. எங்கெங்கே அவர் வாய்மொழி மட்டும் ஆதாரமோ அங்கே "ஆம்" போட்டுச் சொல்கிறேன்.

1914 ஏப்ரல் 2-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயர் அலெக் கின்னஸ் டி கஃப். அம்மா பெயர் ஆக்னஸ் கஃப். அப்பா பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. ஐந்து வயதில் அம்மா ஸ்டிவன் என்ற ராணுவ கேப்டனைக் கல்யாணம் செய்துகொண்டார், பையன் அலெக் ஸ்டிவன் ஆனான். அந்த மாற்றாந்தந்தை முரடர், துப்பாக்கியைத் தலையில் வைத்து மிரட்டும் அளவுக்கு. பதினாலு வயதில் போகிற போக்கில் சொல்கிறார்கள்: உன் உண்மையான பெயர் கின்னஸ், மற்ற இரண்டையும் மறந்துவிடு. அப்பா யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. பள்ளிக் கட்டணம் கட்டியவரும், "மாமா" என்ற பெயரில் அவ்வப்போது வந்து பார்த்தவருமான ஆண்ட்ரூ கெட்டிஸ் என்ற ஸ்காட்லாந்து வங்கியாளர்தான் என்பது பலரின் ஊகம். பெயரை வைத்து அயர்லாந்து பீர் ஆலைக் குடும்பத்தோடு முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு, அதற்கு ஆதாரம் கிடையாது. பதினாலு வயதுக்குள் மூன்று பெயரைச் சுமந்த பையன் பிற்பாடு வேஷம் போடுவதில் கில்லாடி ஆனதில் ஆச்சரியமில்லை என்று எழுதுவது எல்லாருக்கும் பிடிக்கும். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அப்படிப்பட்ட குழந்தைப் பருவம் வாய்த்த எத்தனையோ பேர் நடிகராகவில்லை. ஆனால் தன்னைப் பற்றி யாராவது கேட்டால் சட்டென்று கதவைச் சாத்திக்கொள்ளும் பழக்கம் அவருக்குக் கடைசிவரை இருந்தது, அது எங்கிருந்து வந்தது என்பதை ஊகிக்கலாம்.

பள்ளி முடிந்து ஒரு விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதும் வேலை. நடிப்பு கற்றுக்கொள்ள மார்ட்டிட்டா ஹன்ட் என்ற நடிகையிடம் போனார். சில வகுப்புகளுக்குப் பிறகு, உனக்கு நடிப்பு வராது தம்பி என்று அவர் கைவிரித்துவிட்டாராம். (1946-இல் டேவிட் லீன் எடுத்த 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' படத்தில் இந்த இருவரும் நடித்தார்கள். அவர் மிஸ் ஹாவிஷம், இவர் ஹெர்பர்ட் பாக்கெட். குருவும் சீடனும் ஒரே டைட்டில் கார்டில்!) பிறகு ஃபே காம்ப்டன் நடத்திய நடிப்புப் பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. அங்கே நடந்த போட்டிக்கு நடுவராக வந்தவர்களில் ஒருவர் ஜான் கீல்குட், அன்றைய லண்டன் மேடையின் பெரிய நட்சத்திரம். பையனைப் பிடித்துப்போனது. பட்டினியால் ஒட்டிப்போன கன்னத்தைப் பார்த்து, மேஜையில் அடுக்கியிருந்த இருபது பவுண்டை எடுத்துக்கொள், அப்புறம் திருப்பிக் கொடு என்றார் கீல்குட். பையில் அரை கிரவுன் காசு மட்டும் வைத்திருந்த கின்னஸ், எனக்குப் பணக் கஷ்டம் ஒன்றும் இல்லை சார் என்று பொய் சொல்லிவிட்டு வெளியே வந்தாராம். அந்தச் சமயத்தில்தான் 'குவீர் கார்கோ' என்ற நாடகத்தில் வேலை கிடைத்தது. ஒரே நாடகத்தில் மூன்று வேஷம்: சீனக் கூலி, பிரெஞ்சுக் கடற்கொள்ளையன், ஆங்கிலேய மாலுமி. பத்திரிகையில் பெயர் வரும் வேஷங்கள் இல்லை. ஆனால் அந்த மூன்று வேஷத்திலேயே பின்னால் வரப்போகும் ஆள் இருக்கிறார்.

1934-இன் கடைசியில் கீல்குட்டின் 'ஹாம்லெட்'டில் ஆஸ்ரிக் என்ற சின்ன வேஷம். ஒத்திகையில் கீல்குட்டுக்கு எதுவும் பிடிக்கவில்லை. போய்விடு, யாரிடமாவது நடிக்கக் கற்றுக்கொண்டு ஒரு வாரம் கழித்து வா என்று எல்லார் முன்னாலும் விரட்டிவிட்டாராம். ஒரு வாரம் பார்க்கிலும் தெருவிலும் அலைந்துவிட்டு வந்து, முன்பு செய்ததையே திரும்பச் செய்தாராம். கீல்குட் கைதட்டிச் சிரித்தாராம். சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் இந்தக் கதை எனக்கு வயிற்றைக் கலக்கும். நாம் திட்டியதில் மாணவன் தேறினானா, நம் மூடு மாறியதா என்று யாருக்குத் தெரியும்?

அவர் வேலை செய்த விதம்தான் உங்கள் கேள்வியின் மையம். பெரும்பாலான நடிகர்கள் ஒரு பாத்திரத்தின் மனசிலிருந்து தொடங்குவார்கள்: என்ன வேண்டும் இவனுக்கு, எதற்குப் பயப்படுகிறான் என்று. கின்னஸ் காலிலிருந்து தொடங்குவார். இந்த ஆள் எப்படி நடப்பான் என்று கண்டுபிடிக்கும்வரை அவருக்கு மற்ற எதுவும் பிடிபடாது. தெருவில் யாரையாவது பின்தொடர்ந்து போய் அந்த நடையைத் தன் உடம்பில் ஏற்றிப் பார்ப்பார். இதை நான் வகுப்பில் பயிற்சியாகவே வைத்திருக்கிறேன்: பேருந்து நிலையத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருக்குத் தெரியாமல் ஐந்து நிமிடம் அவர் நடையில் நட. முதல் நாள் எல்லாரும் கேலிச்சித்திரம்தான் போடுவார்கள், நொண்டலை இரண்டு மடங்காக்கிக் காட்டுவார்கள். மூன்றாம் நாள் ஒரு பெண் வந்து, "சார், அந்த அம்மா வலது செருப்பு வார் அறுந்திருக்கு, அதனாலதான் விரலை மடிச்சு நடக்கறாங்க" என்றாள். அவள் அன்றைக்கு நொண்டவேயில்லை, விரலை மட்டும் மடித்தாள். கின்னஸ் செய்தது இந்த ரகம். வெளியே கொஞ்சம் மாற்றினால் உள்ளே நிறைய மாறும்.

போர் வந்தது. 1941-இல் சாதாரண மாலுமியாகக் கடற்படையில் சேர்ந்தார், அடுத்த வருடம் அதிகாரி ஆனார். 1943-இல் சிசிலித் தரையிறக்கத்தில் துருப்புகளைக் கரைசேர்க்கும் படகு ஒன்றுக்குத் தலைமை. நேரம் தள்ளிப்போன செய்தி அவருக்கு வந்து சேரவில்லை, முதல் ஆளாகக் கரைக்குப் போய் நின்றார். பின்னால் வந்த அதிகாரி கத்தியதற்கு, லண்டன் நாடக அரங்கில் எட்டு மணிக்குத் திரை தூக்குவோம் என்று விளம்பரம் செய்தால் எட்டு மணிக்குத் தூக்குவார்கள், கடற்படையும் அதைக் கற்றுக்கொள்ளலாம் என்று பதில் சொன்னாராம். சொன்னாரோ இல்லையோ, சொல்லியிருக்க வேண்டிய பதில்.

திரும்பி வந்ததும் ஓல்டு விக் நாடகக் குழுவில் லாரன்ஸ் ஒலிவியே லியர் அரசனாக நடித்தபோது இவர் கோமாளி. பார்த்தவர்கள் அந்த வெளிறிய கோமாளியை மறக்கவில்லை. அப்புறம் லீனின் 'ஆலிவர் ட்விஸ்ட்', 1948. ஃபேகின் என்ற கிழட்டுத் திருடர் தலைவன் வேஷத்தை இவராகவே கேட்டார். லீனுக்குச் சிரிப்பு வந்தது, அவர் கண்ணுக்கு இவர் முப்பது தாண்டிய, மழுமழுவென்ற ஹெர்பர்ட் பாக்கெட். ஒரு சோதனைப் படப்பிடிப்பு மட்டும் கொடுங்கள் என்றார் கின்னஸ். ஒப்பனையோடு வந்து நின்றதும் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. டிக்கன்ஸ் நாவலின் பழைய ஓவியங்களை வைத்துக் கட்டிய ஒப்பனை அது. பெரிய கொக்கி மூக்கு, தொங்கும் இமைகள். யூத வெறுப்புச் சித்திரங்களின் அச்சு அசலாக இருந்தது அந்த மூக்கு. போர் முடிந்து நான்கு வருடம்கூட ஆகாத பெர்லினில் படம் திரையிடப்பட்டபோது, முகாம்களிலிருந்து தப்பிப் பிழைத்த யூதர்கள் திரையரங்கின் முன் கலகம் செய்தார்கள். அமெரிக்காவில் 1951-இல்தான், வெட்டிக் குறைத்து வெளியிட்டார்கள். நடிப்பு அபாரம் என்பதும் அந்த வேஷம் காயப்படுத்தியது என்பதும் இரண்டுமே உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கக் கூடாது. அந்த மூக்கைச் செய்த ஒப்பனைக் கலைஞர் ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன், பிற்பாடு ஸ்டார் வார்ஸ் வரிசையில் யோடா என்ற குட்டிக் கிழப் பாத்திரத்தைச் செய்தவர்.

1949-இல் ஈலிங் ஸ்டூடியோவின் 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்'. பட்டம் கிடைக்கத் தடையாக இருக்கும் பிரபுக் குடும்பத்தையே ஒவ்வொருவராகக் கொன்று முடிக்கும் ஒருவனின் கதை. கின்னஸுக்கு நான்கு வேஷம் தருவதாகச் சொன்னார்கள். பிரான்சில் கடற்கரையில் உட்கார்ந்து கதையைப் படித்தவர், முதல் பக்கத்திலேயே சிரித்து உருண்டு, ஏன் நான்கு, எட்டாக்குங்கள் என்று தந்தி கொடுத்தார். வங்கி முதலாளி, பாதிரி, தளபதி, கடற்படைத் தளபதி, பெண்ணுரிமைப் போராளி லேடி அகதா என்று குடும்பமே அவர்தான். தேவாலயத்தில் ஒரு காட்சியில் ஆறு பேர் ஒரே சட்டகத்தில் இருப்பார்கள், ஆறும் இவரே. கணினி இல்லாத காலம். ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்ப் கேமராவைத் தரையோடு அசையாமல் கட்டிவைத்து, லென்ஸின் முன் ஒரு பகுதியைத் தவிர மற்றதைக் கறுப்பால் மறைத்து, ஒரு வேஷத்தை எடுப்பார். ஃபிலிமைச் சரியாக அதே இடத்துக்குப் பின்னால் சுற்றி, அடுத்த பகுதியைத் திறந்து, அடுத்த வேஷத்தை எடுப்பார். ஒவ்வொரு வேஷத்துக்கும் நடுவில் மணிக்கணக்கில் ஒப்பனை. ராத்திரி யாராவது கேமராவைத் தட்டிவிடப் போகிறார்களே என்று ஸ்லோகோம்ப் அங்கேயே படுத்துத் தூங்கினார். அந்தக் காட்சியைப் போட்டு நிறுத்திப் பாருங்கள்: ஒப்பனையை விடுங்கள், ஆறு பேரும் உட்கார்ந்திருக்கும் விதம் ஆறு விதம்.

அடுத்த ஆறு வருடம் ஈலிங் நகைச்சுவைகளின் பொற்காலம். 'தி லாவெண்டர் ஹில் மாப்', 'தி மேன் இன் தி ஒயிட் சூட்', 'தி லேடி கில்லர்ஸ்'. முதலாவது படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. இவற்றைப் பற்றி நான் நீட்டப் போவதில்லை, பார்த்தாலே போதும்.

சரி, எல்லாம் வெற்றிதானா? இல்லை. 1951-இல் தானே இயக்கி, தானே ஹாம்லெட்டாக நடித்தார். முதல் நாள் விளக்குகள் தப்புத் தப்பாக எரிந்து அணைந்தன, மேல்மாடியிலிருந்து கூச்சலிட்டார்கள். விளக்கின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்திருக்கலாம். தான் துணிந்து நடிக்கவில்லை, பாதியிலேயே மனசை விட்டுவிட்டேன் என்கிற மாதிரிதான் அவர் ஒப்புக்கொண்டார். எனக்கு இது முக்கியமான தடயம். ஹாம்லெட்டை மூக்கு ஒட்டிக்கொண்டு நடிக்க முடியாது. நடிகன் தன்னையே கொண்டுவந்து வைக்க வேண்டிய பாத்திரம் அது, அங்கே கின்னஸுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. 1966-இல் சீமோன் சின்யோரேயோடு நடித்த 'மாக்பெத்'தும் அடி வாங்கியது. பெரிய சோக நாயகர்கள் அவருக்குக் கடைசிவரை கைவரவில்லை என்பது என் கருத்து. ஒரு விதிவிலக்கு: 1953-இல் கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு பெரிய கூடாரத்துக்குள் ஷேக்ஸ்பியர் விழா தொடங்கியபோது முதல் நாள் முதல் வசனத்தைச் சொன்னவர் இவர்தான், மூன்றாம் ரிச்சர்டாக. பார்த்தவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். ரிச்சர்டுக்கு ஒரு கூன் இருக்கிறதே!

1950களின் நடுவில் அவர் வாழ்க்கையில் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வந்தன. மகன் மாத்யூவுக்குப் பதினொரு வயதில் போலியோ வந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனது. 'ஃபாதர் பிரவுன்' படத்துக்காக பிரான்சில் பாதிரி அங்கியோடு ஒரு மாலை இருட்டில் நடந்துகொண்டிருந்தபோது, யாரோ ஒரு சின்னப் பையன் இவரை நிஜப் பாதிரி என்று நினைத்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, ஏதேதோ பேசிக்கொண்டே கூட நடந்து, பிறகு வணக்கம் சொல்லிவிட்டு ஒரு வேலி இடுக்கில் புகுந்து போய்விட்டான். ஒரு அங்கிக்கு இவ்வளவு நம்பிக்கை கிடைக்கிறதே என்பது அவரை ஆட்டிவிட்டது. மகன் நோயுற்ற நாட்களில் தேவாலயத்தில் போய் உட்கார ஆரம்பித்தவர், பையன் தேறினால் அவன் கத்தோலிக்கனாக விரும்பும்போது குறுக்கே நிற்கமாட்டேன் என்று ஒரு நேர்த்தி வைத்தார். பையன் எழுந்து நடந்தான். 1956-இல் கின்னஸே கத்தோலிக்கர் ஆனார். மனைவி மெருலாவும் அடுத்த வருடம் சேர்ந்துகொண்டார், கணவர் இலங்கையில் படப்பிடிப்பில் இருந்தபோது, அவருக்கே சொல்லாமல்.

அந்தப் படப்பிடிப்புதான் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'. களனி ஆற்றங்கரையில், கித்துல்கலையில் பாலத்தைக் கட்டி, 1957 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். பல தடவை மறுத்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். லீனோடு தினமும் உரசல். ஜப்பானியரிடம் போர்க் கைதியாகச் சிக்கிய பிரிட்டிஷ் அதிகாரி கர்னல் நிக்கல்சன்தான் இவர் வேஷம். அவரை லேசான நகைச்சுவையோடு நடிக்கப் பார்த்தார், லீன் அந்தச் சிரிப்பையெல்லாம் துடைத்துவிடச் சொன்னார். லீன் சொன்னது சரி என்பது படத்தைப் பார்த்தால் தெரியும். அதில் ஒரு காட்சி: தகரக் கொட்டடியில் வெயிலில் பல நாள் அடைத்துவைத்த கர்னலை வெளியே விடுகிறார்கள். ஜப்பானிய அதிகாரியின் அறைவரை நடக்க வேண்டும். கால் வளைகிறது, உடம்பு ஒரு பக்கம் இழுக்கிறது, ஆனாலும் முதுகு நிமிர்ந்துதான் இருக்கிறது. கௌரவம் மேலே, உடம்பு கீழே, இரண்டும் தனித்தனியாக நடக்கின்றன. அந்த நடை மாத்யூவின் நடை. போலியோவிலிருந்து தேறிய பையன் நடக்கப் பழகியதைப் பார்த்து மனசில் வைத்திருந்ததை எடுத்தார். தான் செய்ததிலேயே சிறந்தது அந்தச் சில விநாடிகள்தான் என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் நான் சொன்னேனே, செருப்பு வார் என்று, அதன் உச்சம் இது. சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் அந்தப் படத்துக்குத்தான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தப் படத்தை வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிஜத்தில் அங்கே பிரிட்டிஷ் கைதிகளுக்குத் தலைமை வகித்த ஃபிலிப் டூசி, நிக்கல்சனைப் போல எதிரிக்குப் பாலம் கட்டிப் பெருமைப்பட்டவர் அல்ல. தவிர, அந்தப் பாலம் எந்தப் பாதைக்காகக் கட்டப்பட்டதோ, ஜப்பானியர் போட்ட அந்த சயாம் மரண ரயில்பாதையில் செத்தவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஏராளம். போர்க் கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்கள்தான் அதிகம் மாண்டார்கள். படத்தில் அவர்களைத் தேடாதீர்கள், இல்லை.

1959-இல் சர் பட்டம். அதற்கு முந்திய வருடம் 'தி ஹார்ஸஸ் மவுத்' படத்துக்குத் திரைக்கதையும் எழுதி, அதற்கும் ஆஸ்கர் பரிந்துரை வாங்கினார், இது பலருக்குத் தெரியாது. 1960-இல் மேடையில் 'ராஸ்' நாடகத்தில், அரேபியப் பாலைவனத்தில் போரிட்ட ஆங்கிலேய அதிகாரி டி. ஈ. லாரன்ஸாக நடித்தவர், இரண்டே வருடத்தில் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தில் அதே லாரன்ஸுக்கு எதிரே இளவரசர் ஃபைசல். 'டாக்டர் ஷிவாகோ', பிராட்வேயில் 'டிலன்' நாடகத்துக்கு டோனி விருது என்று போய்க்கொண்டே இருந்தது. வேஷம் மாற்றும் கலை எங்கே வழுக்குகிறது என்பதற்கு உதாரணம் வேண்டுமென்றால் 1984-இன் 'எ பேசேஜ் டு இந்தியா' பாருங்கள். பேராசிரியர் கோட்போலேவாக, பழுப்பு மையைப் பூசிக்கொண்டு வருவார். எனக்குக் கூச்சமாக இருக்கும். உள்ளே ஒரு ஆள் இருப்பதாக எந்த இடத்திலும் தோன்றாது. அவர் பாடுபட்டுப் பயின்ற நடனத்தை லீன் படத்திலிருந்து வெட்டிவிட்டார், இருவருக்கும் அதோடு மனக்கசப்பு. வெட்டியது நல்லதுக்குத்தான் என்று சந்தேகிக்கிறேன்.

இப்போது ஸ்டார் வார்ஸ். 1976-இல், அறுபதைத் தாண்டிய வயதில், டுனீசியாவிலும் லண்டன் பக்கத்து ஸ்டூடியோவிலும் நடித்தார். அப்போது அமெரிக்கத் தோழி ஒருவருக்கு எழுதிய கடிதம் பிரசித்தம்: ஒரு நாள் விட்டு ஒரு நாள் இளஞ்சிவப்புத் தாளில் புதுப்புது குப்பை வசனம் வந்து சேர்கிறது, எதுவும் என் பாத்திரத்தைப் புரியவைக்கவில்லை என்று புலம்புகிறார். கூட நடிப்பவர் பெயர் டெனிசனோ எலிசனோ ஃபோர்ட், புத்திசாலிப் பையனாகத்தான் தெரிகிறான் என்கிறார், அது ஹாரிசன் ஃபோர்ட். எனக்குத் தொண்ணூறு வயது ஆன மாதிரி இருக்கிறது, இவர்கள் என்னை நூற்றியாறு வயதுக்காரனாக நடத்துகிறார்கள் என்றும் எழுதுகிறார். இணையத்தில் பரவுவது இந்தப் பாதி. மறுபாதி, படம் முடிந்து வந்ததைப் பார்த்துவிட்டு நாட்குறிப்பில் எழுதியது: பிரமாண்டம், தொழில்நுட்பம் அபாரம், ஒரே சத்தம், ஆனால் மனசில் வெதுவெதுப்பு இருக்கிறது. கடைசிச் சண்டை ஐந்து நிமிடம் அதிகம், சில வசனங்கள் தாங்கவில்லை, என்றாலும் மறக்க முடியாத அனுபவம். வெறுத்தவர் எழுதும் எழுத்தா இது?

பணம்? ஆமாம், பணமும்தான். ஆனால் "மொத்த வசூலில் இரண்டேகால் சதவீதம்" என்று எழுதுகிறார்களே, அது தப்புக் கணக்கு. இயக்குநர் ஜார்ஜ் லூகாஸுக்கு வரும் பங்கில்தான் இரண்டேகால். முதலில் பேசியது இரண்டு, மேற்கொண்டு கால் லூகாஸ் பிரியப்பட்டுக் கொடுத்தது. அதுவே ஆயுசுக்கும் போதுமானதாக இருந்தது. கடன் இல்லை, பிடிக்காத வேலையை மறுக்கலாம் என்று நிம்மதியாகச் சொல்லியிருக்கிறார். இன்னொரு கதையும் உண்டு: ஓபி-வானைச் சாகடிக்கும் யோசனையே தன்னுடையது, அந்த வசனங்களைப் பேசி அலுத்துவிட்டது என்று வயதான காலத்தில் பேட்டியில் சொன்னார். லூகாஸ் சொல்வது நேர்மாறு: முடிவு என்னுடையது, கேட்டதும் கின்னஸுக்கு முகம் சுருங்கிப்போனது. எதை நம்புவது? படப்பிடிப்பு நாட்களின் கின்னஸ் குறிப்பிலேயே, என்னைக் கொல்வதா வேண்டாமா என்று லூகாஸ் இன்னும் முடிவு செய்யவில்லையாம், இவ்வளவு தாமதமாகவா என்று எரிச்சல்படுகிறார். அதனால் நான் லூகாஸ் பக்கம்.

எரிச்சல் உண்மையில் எதன் மேல்? படத்தின் மேல் இல்லை, அதற்குப் பிறகு வந்ததன் மேல் என்று நினைக்கிறேன். முப்பது வருடம் ஒவ்வொரு படத்திலும் வேறு ஆளாக வந்து, படம் முடிந்ததும் யாரும் அடையாளம் காணாமல் தெருவில் நடந்து போகப் பழகியவர். முகம் ஞாபகம் வரவில்லை என்று நீங்கள் சொன்னீர்களே, அவர் காதில் விழுந்தால் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவரை ஒரு பழுப்பு அங்கியும் வெள்ளைத் தாடியும் உலகம் முழுவதும் காட்டிக்கொடுத்துவிட்டன. ரசிகர் கடிதங்களைத் தூக்கிப் போட்டுவிடுவேன் என்றார். கடைசி நூலில் ஒரு சம்பவம் சொல்கிறார்: ஒரு பன்னிரண்டு வயதுப் பையன், படத்தை நூறு தடவைக்கு மேல் பார்த்துவிட்டேன் என்றான். எனக்கு ஒரு சத்தியம் செய், இனிமேல் பார்க்காதே என்றாராம். பையன் அழுதுவிட்டான். குழந்தையிடம் பேசுகிற பேச்சா இது என்று அம்மா சீறினாளாம். அந்த அம்மா சொன்னதும் சரிதான் என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஜேம்ஸ் டீன் கதையையும் கேட்டிருப்பீர்கள். 1955 செப்டம்பரில் ஹாலிவுட் உணவகத்தில் டீன் தன் புதுக் காரைக் காட்ட, இதில் ஏறாதே, அடுத்த வாரம் இதே நேரத்துக்குள் இதிலேயே செத்துக் கிடப்பாய் என்று இவர் எச்சரித்ததும், செப்டம்பர் 30-ஆம் தேதி டீன் விபத்தில் இறந்ததும். சந்தித்தது, இறந்தது இரண்டும் நிஜம். நடுவில் உள்ள வாசகம் பெரும்பாலும் அவர் சொல்லித் தெரிந்ததுதான்.

எங்கே தொடங்கலாம் என்று கேட்கவில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன். முதலில் 'கைண்ட் ஹார்ட்ஸ்', அடுத்து 'குவாய்'. அதற்குப் பிறகு பிபிசி தொலைக்காட்சிக்காக ஜான் லெ காரே கதைகளில் நடித்த இரண்டு தொடர்கள்: 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' 1979, 'ஸ்மைலீஸ் பீப்பிள்' 1982. ஒற்றர் ஜார்ஜ் ஸ்மைலி வேஷத்துக்கு நான் அவ்வளவு குண்டில்லையே, இரட்டை நாடி இல்லையே என்று முதலில் தட்டிக்கழிக்கப் பார்த்தார். பிறகு நிஜ உளவுத்துறையின் முன்னாள் தலைவர் மாரிஸ் ஓல்ட்ஃபீல்டோடு மதியச் சாப்பாட்டுக்கு லெ காரே ஏற்பாடு செய்ய, பேச்சைவிட அவர் காலணியையும், கண்ணாடிக் கோப்பையின் விளிம்பை விரலால் தடவியதையும்தான் கின்னஸ் கவனித்தார். விஷம் இருக்கிறதா என்று பார்த்தாரோ என்று லெ காரேயிடம் அப்பாவியாகக் கேட்டாராம். மூக்கு இல்லை, கூன் இல்லை, ஒரு கண்ணாடியும் மேல்கோட்டும் மட்டும். ஹாம்லெட்டில் முடியாதது அறுபத்தைந்து வயதில் முடிந்தது: ஒளிந்து வாழ்வதையே தொழிலாகக் கொண்ட ஒருவராக, வேஷமில்லாமல் வந்து உட்கார்ந்தார்.

இரண்டாவது தொடரின் கடைசியில், ஆயுள் முழுக்கத் துரத்திய ரஷ்ய ஒற்றர் தலைவன் கார்லா ராத்திரியில் பெர்லின் பாலத்தைக் கடந்து சரணடைய வருகிறான். பேட்ரிக் ஸ்டூவர்ட் நடித்தது, இரண்டு தொடரிலும் ஒரு வசனம்கூட அவருக்குக் கிடையாது. ஸ்மைலியைக் கடக்கும்போது ஒரு லைட்டர் தரையில் விழுகிறது. ஜார்ஜ், நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்கிறார் உதவியாளர். ஜெயித்தேனா, ஆமாம், ஜெயித்தேன் என்றுதான் நினைக்கிறேன் என்கிறார் ஸ்மைலி. அந்த வரிக்கு நடுவில் அவர் விடும் இடைவெளியை நான் வகுப்பில் எத்தனையோ தடவை போட்டுக் காட்டியிருக்கிறேன், ஒருவராலும் அதைத் திருப்பிச் செய்ய முடிந்ததில்லை, நான் உட்பட. முதல் தொடரைத் தாண்டி நேராக இதற்குப் போய்விடாதீர்கள். டெல்லிச் சிறையில் அந்த லைட்டர் கைமாறிய கதை அதில்தான் வருகிறது.